தாளம் தப்பும் நாடி
முதியோரின் இருதய நோயும் உடன் செல்வோரின் பணியும்

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே செல்லும் ஒரு கிராமத்தில் நாம் நன்கு அறிந்த தாயொருவர் வாழ்ந்து வருகின்றார். வயது எழுபதை நெருங்குகின்றது. கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில். துணைக்கு இருப்பவர் ஒரு பெறாமகள் மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன்னர் களைப்பும் நெஞ்சுப் படபடப்பும் என்று அவர் ஒரு வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, துடிப்பு ஒழுங்கில்லை என்று கூறி, இருதய நோய் நிபுணரிடம் காட்டும்படி ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

"எனக்கு ஒண்டுமில்லை சுவாமி, வெயிலுக்கை நிண்ட களைப்புத்தான்" என்று அவர் எம்மிடம் கூறினார். நாமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். கடிதம் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. அறுவடை முடியட்டும், மகன் காசு அனுப்பட்டும், பெறாமகளின் பிள்ளைக்குச் சோதனை முடியட்டும் என்று நாட்கள் தள்ளிப்போயின. நான்காவது மாதத்தில் ஒரு விடியற்காலை அவருக்கு வலக் கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சும் நின்றுவிட்டது.

கடிதம் கொடுத்தவர்கள் தம் கடமையைச் செய்திருந்தார்கள். அந்தத் தாயும் அசட்டையானவர் அல்லர். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கின்றது, அதைக் கொண்டு எங்கே, எந்த நாளில் போக வேண்டும், போகாவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளங்கும்படி சொல்வதற்கும், கையைப் பிடித்துக் கூட்டிச் செல்வதற்கும் ஒருவர் இருக்கவில்லை. அந்த ஒருவராக நாம் இருந்திருக்கலாம். அந்த மன வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இது என்ன நோய்?

எமது இருதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். இரு பெண்கள் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடும்போது தாளம் தப்பாமல் விழுவதைப் போல, மேலறைகள் சுருங்கியதும் கீழறைகள் சுருங்குகின்றன. இந்தத் தாளத்தை நடத்துவது இருதயத்திலேயே பிறக்கும் ஒரு சிறிய மின்துடிப்பு ஆகும். வயது முதிர்ந்த சிலரில் மேலறைகளின் மின்துடிப்பு குழம்பிவிடுகின்றது. அப்போது அந்த அறைகள் சுருங்கி விரிவதற்குப் பதிலாகச் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகளும் ஒழுங்கின்றி, பெரும்பாலும் விரைவாக, துடிக்கும். மருத்துவர்கள் இதனை ஏற்றியல் பிப்ரிலேசன் என்பர்.

படபடப்பு, களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்று என்பன இதன் அறிகுறிகள். ஆயினும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. நடுங்கும் அறையில் இரத்தம் ஓடாமல் தேங்குகின்றது. தேங்கிய இரத்தம் கட்டியாகின்றது. அந்தக் கட்டி ஒருநாள் பெயர்ந்து மூளைக்குச் செல்லும் நாளத்தையோ நாடியையோ தேடி அலைவதில்லை. இரத்த ஓட்டம் அதை நேரே தள்ளிக்கொண்டு போய் மூளையின் நாடியொன்றை அடைக்கின்றது. அதுவே பாரிசவாதம். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற நகரத்தின் மக்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வாளர்கள், இந்நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1991 இல் எடுத்துக் காட்டினார்கள். இரத்தக் கட்டி உருவாகாமல் தடுக்கும் மருந்தை முறையாக உட்கொண்டால் இந்த ஆபத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகின்றது. பெட்டிக்குள் கிடந்த கடிதத்தின் பெறுமதி அவ்வளவு.

வன்னியில் கவனிக்க வேண்டியது

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தைரொயிட் சுரப்பியின் மிகை, மதுபானம், முதுமை ஆகியன எங்கும் இந்நோய்க்குக் காரணமாகின்றன. எமது நாட்டைப் போன்ற இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. சிறு வயதில் தொண்டை நோவுக்குப் பின் மூட்டுகள் வீங்கி வரும் வாதக் காய்ச்சல் இருதயத்தின் வால்வுகளைத் தாக்குகின்றது. குறிப்பாக இடது பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைற்றல் என்னும் வால்வு தடித்து ஒடுங்குகின்றது. மேலறை அடைபட்ட குளம் போல் பெருக்கின்றது. பல ஆண்டுகளுக்குப் பின்னர் துடிப்புக் குழம்புகின்றது.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து போட வேண்டும். மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் இந்தத் தொண்டை நோய் எளிதாகப் பரவும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது மக்கள் எத்தனை தடவை இடம்பெயர்ந்தார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஓடியபோது உயிரைத் தவிர வேறெதையும் கொண்டுவர முடியாதவர்கள் பலர். அன்றைய பிள்ளைகளும் இளைஞர்களும் இன்று நடுவயதையும் முதுமையையும் எட்டியிருக்கின்றார்கள். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவரிடம், "சின்ன வயசிலை மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா? மாதாமாதம் ஊசி போட்டதா?" என்று கேட்டு அறிந்து கொள்ளுங்கள். அந்த ஒரு செய்தி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வடக்கில் இந்நோய் பற்றி அண்மைய ஆண்டுகளில் ஆய்வுகள் நடத்தியுள்ளனர்.

நாடியைப் பிடித்துப் பார்ப்போம்

இதற்குக் கருவி தேவையில்லை. பெரியவரை ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் செய்யுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க, பெருவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் உங்கள் நடு மூன்று விரல்களையும் மெதுவாக வையுங்கள். உங்கள் பெருவிரலை வைக்க வேண்டாம். அதன் துடிப்பே உங்களுக்குத் தெரியக்கூடும். மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது வழமை. எண்ணிக்கையைவிடத் தாளத்தைக் கவனிப்பது முக்கியம். இடைக்கிடை ஒரு துடிப்புத் தவறுவது பலருக்கும் உள்ளது. எந்த ஒழுங்கும் இல்லாமல் இரண்டு விரைவாக, ஒன்று தாமதமாக, ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக என்று வந்தால் மறுநாளே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

நோயை உறுதி செய்வது ஈ.சி.ஜி. மட்டுமே. சிலருக்கு இந்தக் குழப்பம் வந்து வந்து போகும். ஒருநாள் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. படபடப்பு வரும் நேரத்திலேயே சென்று எடுத்துக்கொள்வது நல்லது.

நிபுணரிடம் போகும் வழி

முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலைக்கும், தேவைப்படின் யாழ்ப்பாணம் அல்லது அநுராதபுரம் போதனா வைத்தியசாலையின் இருதய நோய்ப் பிரிவுக்கும் கடிதம் தருவார்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். நோயாளியான முதியவர் ஒருவர் தனியாகப் போய்வரும் தூரமல்ல அது. சிலர் தனியார் மருத்துவமனையில் நிபுணரைச் சனல் பண்ணிப் பார்க்கின்றார்கள். அவசரத்துக்கு அது உதவலாம். ஆனால் இது வாழ்நாள் முழுவதும் தொடரும் சிகிச்சை. கையிலுள்ள காசு இரண்டு மூன்று தடவையில் தீர்ந்துவிடும். அத்துடன் சிகிச்சையும் நின்றுவிடும். ஆகவே எப்படியாவது அரசாங்கக் கிளினிக்கில் பெயரைப் பதிந்து, கிளினிக் கொப்பி ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

உடன் செல்பவர் எடுத்துச் செல்ல வேண்டியவை:

1. அனுப்பிய கடிதம், எடுத்த ஈ.சி.ஜி. தாள்கள், விடுதியில் இருந்தால் அப்போது தந்த நோய் நிர்ணய அட்டை.
2. உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், அவற்றின் உறைகளுடன். நாட்டு மருந்து உட்பட எதையும் மறைக்க வேண்டாம்.
3. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, தண்ணீர், மத்தியானச் சாப்பாடு.
4. நோய் எப்போது தொடங்கியது, எப்போதெல்லாம் வருகின்றது என்று எழுதிய ஒரு துண்டு.

முதியவர் மருத்துவரின் முன் அமர்ந்ததும் "சுகமாயிருக்கிறன்" என்று சொல்லிவிடுவார். அது எமது பண்பாடு. உண்மையை எடுத்துச் சொல்வது உடன் செல்பவரின் வேலை. பின்வரும் நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் அறையை விட்டு வெளியேற வேண்டாம்.

முதலாவது, வால்வில் பழுது உண்டா? இதனை எக்கோ பரிசோதனை காட்டும். அது நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பது, நோவு இல்லை. இரண்டாவது, இரத்தக் கட்டியைத் தடுக்கும் மருந்து தேவையா, எது? மூன்றாவது, துடிப்பைக் கட்டுப்படுத்த என்ன மருந்து? நான்காவது, அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது, அதை எமது ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் செய்துகொள்ளலாமா? இந்த நான்காவது கேள்வி பல நீண்ட பயணங்களை மிச்சப்படுத்தக் கூடியது. விடைகளை அங்கேயே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலருக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை வழமைக்குக் கொண்டுவருவார்கள். ஒடுங்கிய வால்வைத் தொடை வழியாகப் பலூன் செலுத்தி விரிப்பதும், சத்திரசிகிச்சை செய்து மாற்றுவதும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை நிபுணரே கூற வேண்டும்.

எலிமருந்து என்று அஞ்சலாமா?

நீண்ட காலமாக எமது வைத்தியசாலைகளில் கொடுக்கப்பட்டு வருவது வார்பரின் என்னும் குளிசை. "அது எலிமருந்தாம் ஃபாதர்" என்று கூறி அதை நிறுத்தியவர்களை நாம் சந்தித்திருக்கின்றோம். அவர்கள் கேள்விப்பட்டது பொய்யல்ல. ஆனால் அது பாதிக் கதை.

1920 களில் வட அமெரிக்காவின் பண்ணைகளில் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் பெருகி இறந்தன. பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப் புல்லே காரணம் என்று கண்டார்கள். 1933 இல் விஸ்கொன்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், கொட்டும் பனியில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் பயணம் செய்து, இறந்த தன் பசுவையும், பாற்கலம் ஒன்றில் உறையாத அதன் இரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். கார்ல் போல் லிங்க் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்து அந்தப் புல்லிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவாக்கிய வார்பரின் 1948 இல் எலிகளைக் கொல்ல விற்பனைக்கு வந்தது. அளவறிந்து கொடுத்தால் அதுவே மனிதரைக் காக்கும் என்று பின்னர் கண்டறியப்பட்டது. 1955 இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் இம்மருந்து கொடுக்கப்பட்டது.

அளவறிந்து என்பதே இங்கு முக்கியம். அந்த அளவைக் காட்டுவது ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்து உண்ணாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். இந்நோயாளர் பெரும்பாலானோருக்கு 2 க்கும் 3 க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி உருவாகும். மிகக் கூடினால் இரத்தப் பெருக்கு ஏற்படும். ஆகவே மருந்தை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது, கண்ணை மூடிக்கொண்டு உழவு இயந்திரம் ஓட்டுவதற்குச் சமம்.

அடிக்கடி இந்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகளும் இப்போது உள்ளன. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் "அங்கை எல்லாரும் புதுக் குளிசைதான் போடுகினம், நாங்கள் அனுப்புறம்" என்று கூறுவதுண்டு. அன்பினால் கூறுவது; ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்து இந்நோய் வந்தவர்கள் 4,500 க்கும் மேற்பட்டோரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில், புதிய மருந்துகளில் ஒன்றான ரிவறொக்சபனை உட்கொண்டவர்களைவிட வார்பரின் வகை மருந்தை உட்கொண்டவர்களிடையே இறப்புக் குறைவாக இருந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் புதிய மருந்துகள் கூடாது. இன்னொன்று: இம்மருந்துகளின் அளவு சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்தது. வவுனியா மாவட்டத்தில் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோய் இருப்பதை நாம் அறிவோம். ஆகவே சிறுநீரகப் பரிசோதனை செய்யாமல், மருத்துவரைக் கேட்காமல், பார்சலில் வந்த குளிசையைத் தொடங்க வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

வார்பரினை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுங்கள். கலண்டரில் அடையாளம் இடுங்கள். குளிசையின் நிறத்தை நம்பாமல் எத்தனை மில்லிகிராம் என்று உறையில் பாருங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளிலுள்ள கே உயிர்ச்சத்து வார்பரினின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும். மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவைத் தீர்மானிப்பார். கள்ளும் சாராயமும் துடிப்பையும் கெடுக்கும், மருந்தையும் கெடுக்கும்.

உடல் நோவுக்குக் கடையில் விற்கும் டைக்ளோபெனாக், இபுபுறூபன், அஸ்பிரின் போன்றவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பல் பிடுங்கும்போதும், ஊசி போடும்போதும், வேறு எந்த நோய்க்கு மருந்து எடுக்கும்போதும் வார்பரின் உண்பதை முதலில் கூறுங்கள். விரியன் பாம்பின் நஞ்சும் இரத்தம் உறைவதைக் கெடுப்பதால், பாம்பு கடித்து வைத்தியசாலைக்குப் போனாலும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கறுத்த மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கிரத்தம், விழுந்து தலையில் அடிபடுதல் என்பன ஏற்பட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆயினும் பயந்து நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் பாரிசவாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலத்தைப் போக்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி ஏறத்தாழ நாலரை மணித்தியாலத்துக்குள்ளேயே போட முடியும். 2018 முதல் வட மாகாணத்திலும் இயங்கும் சுவசெரிய நோயாளர் காவு வண்டியை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கட்டணம் இல்லை. நோய் தொடங்கிய நேரத்தையும் உண்ணும் மருந்தையும் கூறுங்கள்.

ஊர் கூடிச் செய்யக்கூடியவை

பிள்ளைகள் வெளிநாட்டில் அல்லது கொழும்பில், பெற்றோர் தனியாக என்ற நிலை எமது கிராமங்களில் பெருகி வருகின்றது. பணம் வருகின்றது, கூட்டிச் செல்ல ஆள் இல்லை. 2022 இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்ட நாட்களில் இத்தகைய முதியவர்களே முதலில் கிளினிக்கைத் தவறவிட்டார்கள். இந்த இடைவெளியை ஒரு குடும்பம் தனியாக நிரப்ப முடியாமலிருக்கலாம். முதியோர் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்தால் நிரப்பலாம். ஊரில் யார் யாருக்கு எந்த நாளில் எங்கே கிளினிக் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். ஒரே நாளில் போகும் நான்கு பேருக்கு ஓர் இளைஞர் துணையாகச் செல்லலாம்; அவருடைய பஸ் காசையும் சாப்பாட்டையும் சங்கம் பொறுக்கலாம். மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி ஒருவர் நாடியை ஒருவர் பார்க்கலாம். சங்கக் கூட்டங்களில் கடன் கணக்குப் பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நேரமல்ல.

அந்தத் தாய் உயிர் பிழைத்தார். தடியூன்றி நடக்கின்றார். பேச்சு ஓரளவு திரும்பியுள்ளது. எமது பெயரைச் சொல்ல மட்டும் இன்னமும் தடுமாறுவார். வலக் கை திரும்பவில்லை. மாதந்தோறும் பெறாமகள் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கின்றார். அவருக்கு வசதிப்படாத மாதங்களில் சங்கத்துப் பெண்களில் ஒருவர் செல்கின்றார். பெட்டிக்குள் இருந்த கடிதம் இப்போது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் திகதியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கு மாதங்கள் எமக்கு நினைவுக்கு வருகின்றன.

உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒரு கடிதம் இருக்கலாம். இன்று மாலை பெரியவரின் அருகில் அமர்ந்து, அவருடைய கையைப் பிடித்து, ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பின்னர் பெட்டியையும் திறந்து பாருங்கள்.